கடைசியாகக் கை விடுபவள்

கெபிலி நகரத்துக்குத் தெற்கே எங்கள் பாலைவனச் சோலையில் கோடைத் தண்ணீர் முறையைச் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வோம். பன்னிரண்டு தோட்டம், பன்னிரண்டு சீட்டு. நான்கில் மட்டும் காலை முறை. மீதி எட்டும் வெயில் நேரம், தண்ணீர் பாதி ஆவியாகிவிடும். எடுத்த சீட்டு திரும்பப் பைக்குள் போகாது. அதனால் முதலில் கை விடுகிறவருக்கே யோகம் என்று வருஷாவருஷம் அடிதடி.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மபுரூக்காவுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு ஜூன் மாதம் பக்கத்துத் தோட்டத்து ஹாதி தன் மச்சானின் சட்டையையே பிடித்துவிட்டான். மபுரூக்கா குறுக்கே புகுந்தாள்.

"யார் எப்ப எடுத்தாலும் பன்னிரண்டுல நாலுதான்யா. உனக்கு முன்னாடி எடுக்கிறவன் நல்லதையும் எடுப்பான், கெட்டதையும் எடுப்பான். பன்னிரண்டு வருஷம் எடுத்தா சராசரியா நாலு வருஷம் காலைத் தண்ணி. முதல் ஆளுக்கும் அதே, கடைசி ஆளுக்கும் அதே."

"கடைசில கழிசல்தானேக்கா மிஞ்சும்?" என்றான் ஹாதி.

"சரி, இனிமே நானே கடைசி. போதுமா?"

முதல் இரண்டு வருஷமும் அவளுக்கு வெயில்தான் மிஞ்சியது. ஹாதியின் மனைவி பரிதாபப்பட்டு ஒரு தட்டு கூஸ்கூஸ் அனுப்பினாள். "ரெண்டு வருஷத்தை வெச்சு என்ன சொல்ல முடியும்?" என்று மபுரூக்கா முணுமுணுத்தபடியே சாப்பிட்டாள்.

மூன்றாம் வருஷம் பையில் மிஞ்சியது காலைச் சீட்டு. நான்காம் வருஷமும் அப்படியே.

ஐந்தாம் வருஷம் பை பாயில் கிடந்தது. யாரும் தொடவில்லை.

"நான் கடைசியா எடுக்கிறேன்," என்றான் மச்சான்.

"நான்தான் கடைசி," என்றான் ஹாதி. "கணக்கு தெரிஞ்சவங்க சும்மாவா கடைசியைப் பிடிச்சு வெச்சிருக்காங்க?"

மபுரூக்கா எழுந்து போய் முதல் ஆளாகக் கை விட்டு ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மதியம் இரண்டு மணி முறை.

சாயங்காலம் நான் போய் மீதிக் கதையைச் சொன்னேன். "யார் எப்ப எடுக்கிறதுன்னு தனியா ஒரு சீட்டு போட்டாங்கக்கா."

"அதுல யார் முதல்ல எடுக்கிறதுன்னு சண்டை வரலையா?"

"வந்துச்சு."

நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கோடை முழுக்க மதிய வெயிலில் தலையில் துணியோடு வாய்க்காலில் நின்றாள். போகிற வருகிறவர்கள் எல்லாம், "அவசரப்பட்டு முதல்ல எடுத்துட்டீங்களே டீச்சர்," என்று வருத்தப்பட்டார்கள். ஜூலை வரைக்கும் பதில் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள்.