பாதிப் பெயர்

பர்மாவிலிருந்து இந்தியர்களை வெளியேற்றிய அறுபத்து நான்காம் வருடம் இசபெல்லா புருஷனோடு கப்பலேறினாள். ரங்கூனில் பிறந்து, ரங்கூனில் வாழ்க்கைப்பட்டவள். இந்தியாவை அதுவரை கண்ணால் கண்டதில்லை. துறைமுகத்தில் பர்மா அதிகாரிகள் சங்கிலி, வளையல், காதுத் தோடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கழற்ற முடியாத ஒன்று மட்டும் அவளிடம் மிஞ்சியது. அது புருஷனைக் கூப்பிடும் சொல். அவர் பெயர் அமிர்தசாமி. கட்டியவன் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அவளை வளர்த்திருந்தார்கள். அதனால் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள், வேறு யாரும் இல்லாதபோது, "சாமி" என்பாள். அவர் சட்டென்று திரும்பிச் சிரிப்பார். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் அவர்களுடைய கொஞ்சல்.

கொங்கு நாட்டில், ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையோரம் ஒரு நெல் மில்லில் அமிர்தசாமிக்கு இஞ்சின் ஓட்டுகிற வேலை கிடைத்தது. ரங்கூனிலும் அரிசி மில்தான், இங்கேயும் அரிசி மில்தான். மனுஷன் ஒரே வாரத்தில் ஊரோடு ஒட்டிக்கொண்டார். இசபெல்லாவுக்கு எதுவும் ஒட்டவில்லை. கம்பஞ்சோறு தொண்டையில் நின்றது. பேச்சும் பிடிபடவில்லை. "ஊட்டுல ஆரும் இல்லீங்களா?" என்று வாசலில் ஒருத்தி கேட்டதற்கு, "ஊட்டியில எங்களுக்கு யாரும் இல்லையே" என்று அவள் பதில் சொல்லப்போக, தெருவே சிரித்தது. அவர் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டார் என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தப் பொறாமை பெரிய தீயானது ஒரு மத்தியானம். தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள். இஞ்சின் நின்றிருந்தது. அரிசி புடைக்கிற பெருமாயி, கட்டான உடம்பும் வெற்றிலைச் சிவப்பு வாயுமாக, சொம்பை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மோரக் குடிச்சுப்போட்டு வேலையப் பாருங்க சாமி. மூஞ்சியெல்லாம் வாடிப்போச்சுதே சாமி!"

அமிர்தசாமி சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

இசபெல்லா தூக்குப்போசியைத் தொப்பென்று வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மோர் கொடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்தச் சொல்? அது எப்படி இவள் வாய்க்குப் போனது? அவராகச் சொல்லிக்கொடுக்காமல் இவளுக்குத் தெரிந்திருக்குமா? அவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அவ உங்களை என்னன்னு கூப்பிட்டா?"

"இங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடறாங்க, இசபெல்லா."

"எல்லாருக்கும் உங்க பேரா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டதே தப்பு இருப்பதற்கு அத்தாட்சி என்று அவள் முடிவு கட்டினாள். பொறாமை பிடித்தவளுக்குப் பேச்சும் சாட்சி, பேசாமையும் சாட்சி. மறுநாள் நேரே மில்லுக்குப் போய், புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"என் புருஷன் பேரைப் பாதியாக்கிக் கூப்பிட நீ யாருடி?"

பெருமாயி முறத்தைக் கீழே வைத்தாள். "பேரா? உங்கூட்டுக்காரரு பேரு எனக்குத் தெரியவே தெரியாதுங்களே. நாங்க ரங்கூன்காரருன்னுதானுங்க சொல்லுவோம்."

அந்த நேரம் பார்த்து நெல் மூட்டையோடு ஒரு வண்டி உள்ளே வந்தது. மாடு மிரண்டது. பெருமாயி ஓடிப்போய் அதன் கழுத்தைத் தடவினாள்.

"நில்லு சாமி, நில்லு. ஒண்ணுமில்ல சாமி."

பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இசபெல்லாவின் மூக்கு நன்றாக உடைந்தது. பெருமாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"தப்பா நெனச்சுப்போட்டீங்க. இனிமே அப்படிக் கூப்பிடலீங்க."

சொன்னபடியே நடந்தாள். மறுநாள் மோர்ச் சொம்போடு நின்று, "ஏனுங்க, இதைக் குடிங்க" என்றாள். அந்த ஊரில் பெண்டாட்டிகள் புருஷனைக் கூப்பிடுவதே "ஏனுங்க" என்றுதான் என்று அதற்குள் இசபெல்லாவுக்குத் தெரிந்துபோயிருந்தது! சோற்றோடு நின்றவள் அப்படியே வெந்தாள். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஐந்தாம் நாள் தாங்க முடியவில்லை.

"பெருமாயி, நீ சாமின்னே கூப்பிட்டுக்க."

பெருமாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வெற்றிலை வாய் முழுக்கச் சிரித்தாள். "வாங்க சாமி, நீங்களும் ஒரு வாய் குடிங்க."

மோர் புளித்திருந்தது. ஆனாலும் அந்த மண்ணில் இறங்கியதிலிருந்து அப்படி எதுவும் அவளுக்கு ருசித்ததில்லை.

அன்று சாயங்காலம் அமிர்தசாமி வாசலில் உட்கார்ந்து கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஆட்டை ஓட்டிப்போகிறவளும், பிள்ளையைத் தேடுகிறவளும் சாமி, சாமி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து இசபெல்லா கூப்பிட்டாள்.

"சாமி!"

அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அப்போதும் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டார், பாவம்.

அவளுக்குக் கண் கலங்கியது. யார்மேல் எரிச்சல்படுவது? ஊர் முழுக்க அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருந்தது. அவளிடம்தான் அது இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"ஏனுங்க."

சட்டென்று திரும்பினார். சிரிக்கக்கூடச் செய்தார்.

அதற்குப் பிறகு ஜேடர்பாளையத்து ஆடு மாட்டையும், பெருமாயியையும், தெருப் பிள்ளைகளையும் இசபெல்லா சாமி, சாமி என்றே கூப்பிட்டாள். அவரை மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை.