டொல்பின் வரும்வரை ஒன்பது தகவல்

மற்றவர்களுக்காக இன்டர்நெட்டில் தேடிக் கொடுப்பதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், தங்கள் போனை ஒரே ஒரு நாள் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, ஏதாவது ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை கற்பிட்டிக் கடலில், டொல்பின் பார்க்கப் போன படகில் இருந்தவர்கள்: படகோட்டி அன்ரனி. அவருடைய மனைவி பிலோமினா. கொழும்பிலிருந்து வந்த ஒரு தகப்பன், தாய், அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள். தகப்பனின் தங்கை. கடைசியாக நான். எட்டுப் பேர், எட்டு லைஃப் ஜாக்கெட். பிலோமினாவின் மடியில் ஒரு உடுப்புப் பை இருந்தது. அன்று பகல் ஒரு மணி பஸ்ஸில் சிலாபத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகவும், திரும்பி வருவதில்லை என்றும் அவர் முடிவு செய்திருந்தார். அதற்குக் காரணம் அன்ரனியின் வாய் பாதி, என் கடைக் குறிப்புக் கொப்பி பாதி.

போட்டோகொப்பி, போனுக்குக் காசு போடும் ரீலோட், இன்டர்நெட் என்று சிறு கடை வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால், என் நிலைமையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

கொப்பியின் சட்டம்

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மருமகன் கட்டாருக்குப் போகும்போது கடையை என்னிடம் விட்டுப் போனார். கம்பியூட்டரில் ஒரு விரலால்தான் எழுதுவேன். ஆனால் வேலையில் ஒழுங்கு இருக்க வேண்டும். ஆகவே சீ.ஆர். கொப்பி என்கிற பெரிய நோட்டு ஒன்று போட்டேன். வருகிறவர் கேட்கும் கேள்விக்கு ஒரு நம்பர். பிறகு கேள்வி. அதைச் சத்தமாக வாசித்து, "இதுதானே?" என்று கேட்பேன். ஓம் என்றால் தேடுவேன். மூன்று இடத்தில் ஒரே பதில் இருந்தால் சரி அடையாளம். இரண்டு இடத்தில் இருந்தால் பாதி அடையாளம். ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் பதில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஆட்களின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். கேட்டவர் பெயரும் இல்லை, யாரைப் பற்றிக் கேட்டாரோ அவர் பெயரும் இல்லை. மானம் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அன்ரனி முன்பு மீன் பிடித்தவர். இப்போது டொல்பின் காலத்தில் ஆட்களைக் கூட்டிப் போகிறார். வியாழக்கிழமைகளில் வந்து கதிரையின் நுனியில் உட்காருவார். அவருக்கு வேண்டியது மூன்று வகை: வானத்தைப் பற்றி ஒன்று, நடிகர் நடிகைகளின் விவாகரத்து ஒன்று, உலகத்துச் சனம் இன்டர்நெட்டில் என்ன தேடுகிறது என்று ஒன்று. கடலுக்குப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு நாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். (முஸ்லிம் அண்ணன் என்ற முறையில் என்னை எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.) "டொல்பின் நான் கூப்பிட்டா வராது நானா. சில நாளைக்கு ஒரு மணித்தியாலம் கடல் சும்மா கிடக்கும், சனமெல்லாம் என்ட மூஞ்சியப் பாத்துக்கொண்டு இருக்கும். அந்த நேரத்துக்கு ஏதாவது சொல்ல வேணும். இத மட்டும் வீட்டில சொல்லிடாதீங்க, மனுசி சிரிப்பா."

உப்புத் தண்ணீர்

நான் சத்தமாக வாசிப்பதால், அன்ரனியின் கேள்விகளைக் கடையில் நிற்கிற மற்றவர்களும் கேட்பார்கள். அதை நான் ஒரு குறையாக அப்போது நினைக்கவில்லை. புத்தளம் உப்பளத்தில் வேலை செய்யும் ராசிக், ஒரு நாள் அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்க வந்து நின்றார். அன்றைய கேள்வி, விண்வெளியில் சாப்பாட்டுக்கு உப்புப் போடுவது எப்படி என்பது. மூன்று இடத்திலும் ஒரே பதில். உப்பைத் தூளாகத் தூவினால் அது கீழே விழாமல் பறந்து கண்ணுக்குள்ளும் மெசினுக்குள்ளும் போய்விடும். ஆகையால் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குப்பியில் கொண்டு போகிறார்கள்.

ராசிக் போட்டோகொப்பியை மறந்துவிட்டார். பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீரைக் கட்டி, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்தே தலை நரைத்த மனுசன். அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி நின்று சொன்னார்: "நாங்க வெயில்ல கருகி, தண்ணியக் காயவெச்சு உப்பாக்குற. அவனுகள் அதத் திரும்பத் தண்ணியாக்கித் தின்னுற. அப்ப நடுவில நாங்க எதுக்கு நானா?"

பாண் போகாத இடம்

திறீவீல் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் என்கிற பிரெட் விற்கிற சுனில் தம்பி சிங்களவர். எங்களோடு தமிழ்தான் கதைப்பார். விண்வெளிக்குப் பாண் கொண்டு போக மாட்டார்கள், தூள் உதிர்ந்து பறக்கும், அதற்குப் பதிலாகத் தட்டையான ரொட்டிதான் என்று நான் வாசித்தபோது, கையில் இரண்டு ராத்தல் பாணோடு வாசலில் நின்றார். முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. இரண்டு இடத்தில்தான் சொல்லியிருக்கிறது, பாதி அடையாளம்தான் போடுகிறேன் என்று ஆறுதலுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் மூன்று இடத்தில் இருந்ததே. சரி அடையாளம் போட்டேன்.

"பரவாயில்ல நானா. அந்த ரோட்டில வீட்டு வளவும் இல்ல, வாசல் கேட்டும் இல்ல. நான் ஹோர்ன் அடிச்சா யார் வெளிய வாற?"

பதினாறு மஃரிப்

இது நோன்பு மாதத்தில் நடந்தது. பூமியைச் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு நாளில் பதினாறு தரம் சூரியன் உதித்துப் பதினாறு தரம் மறைகிறதாம். அப்படியானால் அங்கே போன முஸ்லிம் எத்தனை மஃரிப்புக்கு, அதாவது எத்தனை அந்திக்கு, நோன்பு திறப்பது என்று கடையில் ஒரு விவாதம் எழும்பிவிட்டது. இதை மார்க்கம் படித்தவர்கள் எப்போதோ கூடிப் பேசி, புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நான் தேடி எடுப்பதற்குள், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற மஜீத் காக்கா வியர்த்துப் போனார்.

பதிலை வாசித்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். ஒரு அண்டாவக் கழுவி முடிக்கவே எனக்கு இராத் தொழுகை, இஷா ஆகுது."

நாய் யாருக்கு?

இனி என் பிழைக்கு வருகிறேன். தொடர்ந்து மூன்று வியாழக்கிழமை அன்ரனி விவாகரத்தே கேட்டார். படகில் அதற்குத்தான் கிராக்கியாம். மூன்றும் ஒரே நடிகையையும் ஒரே நடிகரையும் பற்றியவை. நான் பெயர் எழுதுவதில்லை என்று சொன்னேன் அல்லவா? ஆகவே கொப்பியில் இருந்தது இவ்வளவுதான். முதல் கிழமை: "எவ்வளவு கெதியாக விவாகரத்து எடுக்கலாம்?" இரண்டாம் கிழமை: "பிரிந்த பிறகு வீடு யாருக்கு?" மூன்றாம் கிழமை: "நாய் யாருக்கு?" மூன்றையும் வழக்கம்போலச் சத்தமாக வாசித்து, "இதுதானே?" என்று கேட்டேன். மூன்று தரமும் அன்ரனி, "ஓம் நானா" என்றார்.

வாடி என்கிற கருவாடு காயவைக்கும் கொட்டிலில் வேலை செய்யும் ரீட்டா, மூன்று வியாழக்கிழமையும் ரீலோட் போட வந்து, கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, பதில் கிடைக்கும் முன் போய்விட்டார். அன்ரனி வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். அன்ரனி வீட்டில் ஒரு நாயும் உண்டு. ரீட்டா காதால் கேட்டதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. வாடிக்குப் போய் அங்கிருந்த பெண்களிடம் சொன்னதையும் பிறகு எனக்கு ஒருவர் அப்படியே சொன்னார்: "வீட்டுக் கணக்கெல்லாம் போன கிழமையே முடிஞ்சுது. இப்ப நாயில வந்து நிக்குது."

பிலோமினா வந்த நாள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடை திறந்தபோது பிலோமினா வாசலில் நின்றார். அழுத முகம் இல்லை. அழுது முடித்த முகம். "நானா, எங்கட மனுசன் உங்கட்ட என்ன கேட்டவர்?" என்றார். எனக்குப் பெண்களோடு கதைக்கவே கூச்சம். மேசையைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி, ஒருத்தர் கேட்டத மத்தவருக்குச் சொல்றது இந்தக் கடையில இல்ல" என்றேன். "அப்ப ரீட்டாவுக்கு மட்டும் எப்படிச் சொன்னீங்க?" என்றார்.

நான் மேசையிலிருந்த கொப்பியைக் கையில் எடுத்தேன். கொப்பியைத் திறந்து காட்டலாம். ஆனால் அதில் இருப்பது அந்த மூன்று வரிதான், அது இன்னும் கெடுத்துவிடும். நடிகையின் கதை என்று வாயால் சொன்னால், புருசனைக் காப்பாற்ற நான் கட்டிய பொய் என்று நினைப்பார். பன்னிரண்டு வருடக் குடும்பம். நன்றாக யோசித்து, "நாளைக்குப் படகில ரெண்டு இடம் இருக்கெண்டு அன்ரனி சொன்னவர். நான் சொல்லக் கூடாதத அங்க நீங்களே கேக்கலாம்" என்றேன்.

பிலோமினா தலையை ஆட்டினார். "சரி. பஸ் ஒரு மணிக்குத்தானே. ஆனா நீங்களும் வர வேணும் நானா. பொய்யா இருந்தா ரெண்டு பேரையும் ஒரே இடத்தில வெச்சுத் திட்டலாம்."

கடல் சும்மா கிடந்த நேரம்

நான் அதற்கு முன் கடலில் படகு ஏறியது ஒரே ஒரு தரம். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டு அனுப்பியபோது, இதே கரைக்கு வந்து இறங்கினோம். அந்தப் படகில் யாரும் கதை சொல்லவில்லை. அதனால் நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி பையோடு ஏறி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அன்ரனி முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினார். வியாழக்கிழமை நான் எழுதிக் கொடுத்த துண்டுத் தாள், பழையதும் புதியதுமாக ஒன்பது தகவலோடு, அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவே இல்லை. நாற்பது நிமிடம் போனது. ஒரு டொல்பினும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் சிணுங்கத் தொடங்கின. தகப்பனின் தங்கைதான் கடைசியில் அன்ரனியைப் பார்த்துக் கேட்டார். "அண்ணன், எங்கட ஒபிஸ் ஆக்கள் போன மாசம் வந்தவங்க. டொல்பின் வராட்டியும் பரவாயில்ல, போட்காரர்ட கதையக் கேக்கத் திரும்பப் போகலாம் எண்டாங்க. அது நீங்கதானே?"

அன்ரனி மனைவியைப் பார்த்தார். பிலோமினா கடலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அன்ரனி துண்டை எடுத்தார். முதலாவது, பதினாறு சூரிய உதயம். இரண்டாவது, கரைத்த உப்பு. சொல்லச் சொல்ல மனுசன் வேறு ஆளாக மாறிவிட்டார். கையை ஆட்டினார், ராக்கெட் போல எழும்பினார், ராசிக்கின் கேள்வியை ராசிக்கின் குரலிலேயே கேட்டார். மூன்றாவது பாண் கதையில், சுனிலின் பாட்டையும் வாயாலேயே வாசித்தார். பிள்ளைகள் சிரித்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பிலோமினா மெதுவாகத் திரும்பினார். நான்காவது, விண்வெளியில் தூங்குகிறவர்களுக்குக் குறட்டை குறையுமாம். "அப்ப இவரை அனுப்பிவிடுங்க" என்றார் பிலோமினா, கொழும்புத் தாயைப் பார்த்து.

ஐந்தாவதை, "ஒரு நடிகைட நாய்..." என்று தொடங்கி அன்ரனி நின்றுவிட்டார். "அது பேப்பரில வந்த நாய்க் கதைதானே? சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் தகப்பனின் தங்கை. அன்ரனி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வீட்டையும் காரையும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்ட இரண்டு பேர் நாயில் வந்து நின்றதை, கடைசியில் ஒரு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே என்று நாய்க்கு முறை வைத்ததை. எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மூன்று இடத்தில் இருந்தது என்று விரலாலும் காட்டினேன்.

பிரச்சினை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் பிலோமினாவுக்கு உண்மையான கோபம் வந்தது. விவாகரத்து என்று கேட்டபோது வந்ததைவிடப் பெரிய கோபம். "பன்னெண்டு வருசம்! வாற போற சனத்துக்கெல்லாம் சூரியன் பதினாறு தரம் உதிக்குது. வீட்ட வந்தா 'சோத்தப் போடு', 'லைட்ட நிப்பாட்டு', ரெண்டே ரெண்டு கதை. நான் என்ன, டொல்பினா? எனக்குக் கதை கேக்கத் தெரியாதா?"

அன்ரனி எஞ்சினை நிறுத்திவிட்டார். "நீ சிரிப்பாய் எண்டு பயந்தன்" என்றார், மெல்ல.

"சிரிக்கத்தானே சொல்றது!" என்றார் பிலோமினா.

அந்த நேரம் பார்த்து டொல்பின் வந்தது. படகைச் சுற்றிப் பதினேழு முதுகு எண்ணினேன். ஒன்றை இரண்டு தரம் எண்ணியிருக்கவும் கூடும், அதனால் பாதி அடையாளம்தான். கொழும்பார் ஐந்து பேரும் எழும்பி நின்று கத்தினார்கள். இரண்டு பேர் மட்டும் டொல்பின் பக்கம் திரும்பவே இல்லை. பிலோமினா எழும்பிப் போய், அன்ரனியின் கையிலிருந்த துண்டைப் பறித்து, என்னிடம் பேனை வாங்கி, சொல்லி முடித்தவற்றைக் கோடு போட்டு வெட்டினார். "மிச்சத்த ஒரு சனத்துக்கும் சொல்லக் கூடாது. வீட்டில, சாப்பிட்ட பிறகு, ஒண்டொண்டா, கையக் காலை ஆட்டித்தான் சொல்ல வேணும்."

ஒரு மணி பஸ் எங்கள் கடை வாசலால் அவர் இல்லாமல் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கொப்பியைத் திறந்து அன்றைய கடைசி வரியை எழுதினேன்: தேடிக் கொடுத்தது ஒன்பது, டொல்பின் வரும்வரை செலவானது ஐந்து, ஒரு குடும்பத்துக்கு மிச்சம் நான்கு.