நாற்பத்தொரு வயது இளைஞர்

உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை நிற்கிறது. அதில் கைகூப்பிச் சிரிப்பவர் ஜெனில். படத்துக்குக் கீழே, 'இளைஞர்களின் ஆவேசம்' என்று எழுதியிருக்கிறது. ஆவேசத்துக்கு வயது நாற்பத்தொன்று. வாரத்துக்கு ஒருமுறை மீசைக்குச் சாயம் பூசுகிறார்.

அவருடைய கட்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றக் கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிற யோக்கியதை அவர்களுக்கும் கிடையாது.

இருபத்திரண்டு வயதில் இளைஞரணியில் சேர்ந்தவர். பத்தொன்பது வருடமாக மதில்களில் எழுதினார், உருவ பொம்மைகளைக் கொளுத்தினார், மந்திரிகளுக்குக் கறுப்புக்கொடி காட்டினார். அந்தக் காலத்தில் தலைவர்களின் பிள்ளைகள் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஜெனிலுக்குத் தொழில் டைல்ஸ் ஒட்டுவது. கட்சி கூப்பிட்டால் பாதித் தரையில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவார். செங்கல் என்ற ஊரில் விஜயம்மா என்ற வீட்டுக்காரி ஒருநாள் நடுரோட்டில் அவரை மறித்தாள்.

“எலே, எனக்க அடுக்களை ரெண்டு மாசமா பாதியில கெடக்கு. மிச்சத்த ஒனக்க மந்திரி வந்து ஒட்டித் தருவாரா?”

ஜெனில் அதற்கும் கைகூப்பிச் சிரித்தார்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: பிளாக் செயலாளர் பதவி. ஆனால் நாற்பது தாண்டியவர்களுக்கு இளைஞரணியில் பதவி இல்லை என்பது விதி. இங்கேதான் அவருடைய அப்பா சுந்தரதாஸ் உதவிக்கு வந்தார். மகனைப் பள்ளியில் சேர்க்கும்போதே, சர்க்கார் வேலையில் இரண்டு வருடம் கூடுதலாக இருக்கலாம் என்று இரண்டு வயதைக் குறைத்துக் கொடுத்திருந்தார் அந்தக் கொத்தனார். சர்க்கார் வேலை கிடைக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மட்டும் ஜெனிலுக்கு இன்னும் முப்பத்தொன்பதுதான்.

ஆலயப் பதிவேடு அப்படி அல்ல. மூன்று மாதக் குழந்தையாக அவர் ஞானஸ்நானம் பெற்ற தேதி அதில் அப்படியே இருக்கிறது.

இனி ஷிஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே என் மனம் பொறுக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வயது முப்பத்துநான்கு. ஏழு வருடங்களுக்கு முன் ஜெனிலுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் மணமக்களின் பெயர்களை ஆராதனையில் அச்சன், அதாவது பாதிரியார், ஓலையாக வாசிக்க வேண்டும். ஓலைக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும். பதிவேட்டைப் பார்த்து அதை எழுதித் தருவது சபைச் செயலாளர் பொன்னப்பன். பிளாக் செயலாளர் பதவிக்குப் போட்டியிடும் இருபத்தாறு வயது ரெஜித், அவருடைய மகன்.

நாற்பதுக்கு முந்தைய வருடங்களைக் கட்சி வேலை தின்றது. இப்போது சான்று கேட்டால் வயது வெளியே வந்துவிடுமே! பதவி அறிவிக்கும் கட்சி மாநாடு முடியட்டும் என்று ஜெனில் கல்யாணத்தைத் தள்ளினார். மாநாடு இரண்டுமுறை தள்ளிப்போனது. கல்யாணமும் கூடவே தள்ளிப்போனது.

மாநாட்டுக்கு மூன்றாம் முறை தேதி குறித்தபோது, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை அவர் ஷிஜாவின் வீட்டுக்கு வந்தார்.

“ரெண்டு வாரம் கழிச்சு ஓலை வாசிக்கலாம் ஷிஜா. ஞாயிற்றுக்கிழம மாநாடு ஒண்ணு கழியட்டு.”

“போன வருசமும் மாநாடுன்னுதான் சொன்னிய.”

“அத மாத்தி வச்சாச்சில்லியா?”

“மாநாட்ட மாத்தி வச்சாவ, சரி. எனக்க வயச எங்க கொண்டு மாத்தி வைக்க?”

அவளுடைய அம்மா கிருபாபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “மக்கா, ஆளுவ எல்லாம் கேக்கினும். நான் என்ன செல்லுவேன்?”

“அத்த, நான் பிளாக் செயலாளர் ஆயிட்டா கல்யாணத்துக்கு எம்.எல்.ஏ. வருவாராக்கும்!”

“எம்.எல்.ஏ. வரண்டாம்,” என்றாள் ஷிஜா. “மாப்பிள வந்தா மதி. நாளைக்கு ஆறு மணிக்கு அச்சனுக்க வீட்டுல நிப்பேன். ஞானஸ்நானப் பேப்பரும் கொண்டு வாங்க. வரல்லேங்கி பின்ன ஒண்ணும் இல்ல.”

ஜெனில் தலையாட்டினார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவள் அச்சன் வீட்டு வாசலில் நின்றாள். ஏழரை மணிக்கு அச்சன் மனமில்லாமல் ஓலைப் புத்தகத்தை மூடினார். இருநூறு அடி தூரத்தில், ஜங்ஷனில், மாநாட்டு வரவேற்பு வளைவுக்கு ஏணி பிடித்துக்கொண்டிருந்தார் நம் இளைஞர். மறுநாள் ஆராதனையில் வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. சபை முழுவதும் மூன்றாவது ஜோடியின் பெயருக்குக் காது கொடுத்துக் காத்திருந்தது. ஷிஜா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் கையிலிருந்த பாட்டுப்புத்தகம் நனைந்தது.

அதே நேரத்தில் பாறசாலையில் மாநாடு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜெனில் முன்வரிசையில் இருந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. தலைவர் தங்கப்பன் ஒரு தாளைப் பிரித்தார்.

“பிளாக் செயலாளர், ரெஜித். எல்லாருக்கும் சம்மதமாக்கும். ஜெனில் வழிமொழிவான்.”

ஜெனில் எழுந்தார். வழிமொழிந்தார்! சாப்பாட்டுப் பந்தலில்தான் தங்கப்பனிடம் மெல்லக் கேட்டார்.

“எனக்க வயசு காரணமாட்டா அண்ணாச்சி?”

தங்கப்பன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தார். “ஒனக்கு நாப்பத்தொண்ணுன்னு பொன்னப்பன் எப்பவே சொல்லியாச்சு மக்கா. ஆளு வேணும்னா நாப்பத்தஞ்சானாலும் எடுப்போம். அவன வைக்கணும்னு மேலேருந்து சொன்னாவ, வச்சாச்சு. நீ பாயசம் குடி.”

எந்த வயதை மறைக்க ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தினாரோ, அந்த வயது கட்சிக்கு முன்பே தெரிந்திருந்தது. அதைச் சொல்லி அவரை எதிர்க்கக்கூட எவரும் மெனக்கெடவில்லை. அந்த அளவுக்குத்தான் மதிப்பு.

மாலையில் ஷிஜா மருந்துக்கடையில் போடும் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனில் படியேறாமல் முற்றத்திலேயே நின்றார்.

“அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கலாம் ஷிஜா. இனி ஒரு தடசமும் இல்ல.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“தடசம் போனது எப்பிடி? அவிய ஒங்கள வேண்டாம்னு தள்ளினதுனால. அவிய தள்ளினத நான் எடுக்கணும், இல்லியா?”

“ஷிஜா...”

“நேத்து ஒண்ணர மணிக்கூறு நின்னேன். அந்த ஒண்ணர மணிக்கூறுல நீங்க ஓடி வந்திருந்தா, நூறு வயசுன்னாலும் கெட்டியிருப்பேன்.”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே கிருபாபாயின் அழுகை கேட்டது. ஜெனில் முற்றத்தில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்தக் கதவைத் தட்டக் கையை உயர்த்தினார்.

அப்போது கைப்பேசி அடித்தது. புதிய பிளாக் செயலாளர் ரெஜித்.

“ஜெனிலண்ணா, நாளைக்குப் போலீஸ் ஸ்டேசன் மார்ச்சு உண்டு. முன்வரியில அடி வாங்க நல்ல ஆளு வேணும்.”

உயர்த்திய கை கீழே இறங்கியது.

“வாறேன் மக்கா,” என்றார் ஜெனில். “எத்தன மணிக்கு?”