முனியப்பன் கொடுக்காத ரத்தம்

2006 டிசம்பர் 11, காலை ஆறரை மணி. ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்தத் தீவு நாட்டின் தலைநகர் சுவாவிலிருந்து கிங்ஸ் சாலை வழியே ரக்கிரக்கிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அழிந்துவரும் மரத்தவளைகளின் மரபணுவைப் படிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி எடுக்கச் சென்னையிலிருந்து போயிருந்தேன். டாக்சி ஓட்டிய முனியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ரக்கிரக்கிக்காரர், கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழரின் பேரன். வீட்டில் பேசுவது இந்தி. என்னிடம் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

நசினுவில் ஒரு ராணுவத் தடுப்பு, நவுசோரிப் பாலத்தில் இன்னொன்று. அங்கே ஒரு சிப்பாய் என் மாதிரிக் குப்பிகளில் இருந்த சாராயத்தை முகர்ந்தான். தவளைக்கு என்றேன். அவன் சிரிக்கவில்லை. அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையசைத்தான்.

ரக்கிரக்கி சேர்ந்து, பதினொன்றரைக்கு மலையேறினோம். பகலில் மரத்தவளை தாழை மடல்களின் இடுக்கில் தூங்கும். இரண்டு மணி நேரம் தேடியும் ஒன்றுதான் அகப்பட்டது. அதன் வாய்க்குள் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துக்கொண்டு, அதே மடலில் விட்டேன்.

பார்த்துக்கொண்டிருந்த முனியப்பன் கேட்டார்: “இதெ வெச்சு யார் பெத்ததுன்னு தெரியுமா?”

தெரியும் என்றேன். மனிதனுக்குமா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

அவர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். மகள் லீலா ஆக்லாந்தில் நர்ஸ். பெற்றோரை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய கலவரத்தில் வீடு எரிந்து காகிதமெல்லாம் போய்விட்டதால், விசாக்காரர்கள் ரத்தப் பரிசோதனை கேட்கிறார்களாம்.

“லீலா நாங்க பெத்த பிள்ளே இல்லேங்க. என் சம்சாரத்தோட தங்கச்சி பெத்தது. பெத்த மூணாம் நாளே அவ செத்துப்போயிட்டா. பிள்ளேக்கித் தெரியாது. மெசின் சொல்லிப்புடுமா?”

“சொல்லிவிடும்” என்றேன்.

வளர்த்த மகளென்றாலும் விசாவுக்கு வழி இருக்கலாம், உண்மையைச் சொல்லுங்கள் என்று பிறகு எவ்வளவோ சொன்னேன். அவர் எழுந்து மலையிறங்கத் தொடங்கினார்.

பிற்பகல் அவர் வீட்டில் சாப்பாடு. கரும்பு நிலக் குத்தகை முடிந்து அக்கம்பக்கத்தார் போய்விட்டார்கள். நான்கு வீடுகளின் ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. அவர் மனைவி, கட்டிவைத்த பெட்டிகளைக் காட்டி, ஆக்லாந்தில் குளிர் தாங்குமா என்று என்னிடம் விசாரித்தார்.

13ஆம் தேதி காலை, நாண்டி விமான நிலையம். நாட்டை விட்டுப் போகிறவர்களின் வரிசை வாசல்வரை நின்றது. என் பையை இறக்கிவைத்த முனியப்பன், முந்தின நாள் லீலாவுக்குப் போன் செய்ததாகச் சொன்னார். எங்களுக்கு அங்கே பிடிக்காது, வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். நான் கூப்பிட்டும் வராத அப்பா எனக்கு எதற்கு என்று அவள் போனை வைத்துவிட்டாளாம்.

“கோவந்தானே. இருக்கட்டும்” என்றார்.

நான்கு மாதத்தில் தவளையின் மரபணு வரிசை பழுதில்லாமல் படிக்கப்பட்டது. எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றும் தெரிந்தது, ஆய்வுக்கூடத்தில் பாராட்டினார்கள். அந்த மலையில் நான் சொன்ன “சொல்லிவிடும்” என்ற ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் அவர் கேட்ட வேகத்தில் நானும் பதில் சொல்லியிருக்க வேண்டாம்.