மூச்சு விடும் பிளாஸ்டிக்

அம்மாவின் தம்பி வாயைத் திறந்தாலே கதைதான் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. சேதராப்பட்டு கம்பெனியில் மூச்சு விடுகிற பிளாஸ்டிக் செய்கிறேன் என்று அவர் சொன்னதை அம்மாகூட நம்பவில்லை. வீராம்பட்டினத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் மனிதர் அதையே சொல்லிவைத்தார். தரகர் கொண்டுவந்த இடம். பெண் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள் என்பதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பெண்ணின் அப்பா காபியைக் கீழே வைத்தார். "பிளாஸ்டிக் மூச்சு வுடுதா? தம்பி, மீன் புடிக்கிறவங்கிட்டயே வலை வீசுறியா? பொய் பேசற ஆளுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்."

மாமா அசரவில்லை. "வெந்நீ ஒரு டம்ளர் குடுங்க மாமா," என்றார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டை உருவி, டம்ளர் வாயில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். மூன்று அடுக்காம், நடு அடுக்கில் சுண்ணாம்புத் தூளாம். ஆவி வெளியே போகும், தண்ணீர் போகாதாம். ஆவி படிகிறதா என்று பார்க்க, டம்ளருக்கு மேல் எவர்சில்வர் தட்டைப் பிடிக்கும் வேலை எனக்கு.

தட்டு காய்ந்தே இருந்தது. பிளாஸ்டிக்தான் பூரி மாதிரி உப்பியது.

"மூச்சு வுடல தம்பி, மூச்சு அடக்குது," என்றார் பெண்ணின் அப்பா. கூடமே சிரித்தது. அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். கிளம்பலாம் என்று அர்த்தம்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அது இழுக்காத துண்டுப்பா. நல்லா இழுத்துட்டுக் கட்டச் சொல்லு. இழுத்தாத்தான் தூளைச் சுத்தி பொடி ஓட்டை வுழும்."

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். அவசரத்தில், இழுக்கும் மெஷினுக்கே போகாத துண்டைக் கொண்டுவந்திருக்கிறார்! இரு கையாலும் பிடித்து இழுத்தார். மங்கலாக இருந்தது பாலாக வெளுத்தது. கட்டினார். நான் தட்டைப் பிடித்தேன். புசுபுசுவென்று ஆவி படிந்தது. அதில் விரலால் என் பெயரையே எழுதினேன். மாமா அதோடு விட்டாரா? டம்ளரைத் தூக்கிப் பெண்ணின் அப்பாவுடைய வெள்ளை வேட்டிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டு விழவேண்டுமே!

"யப்பா, நம்பிட்டேன் மாப்ள! நிமுத்து, வேட்டி புதுசு!"

தம்பி மாப்பிள்ளையானது அந்த நொடியில்தான்.

திரும்பும் பஸ்ஸில் மாமா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தையல் கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"புத்திசாலிப் பொண்ணுடா," என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த இரண்டு கம்பெனிக்கும் ஆள் ஏற்றிப் போவது ஒரே வேன் என்று எனக்கு யார் சொன்னார்கள்?