ஸ்பிரிங் மேல் இறங்கிய லிஃப்ட்

சுந்தரவல்லிக்கு லிஃப்ட் என்றாலே பயம். அந்தப் பயத்தோடுதான் தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் ஐந்து வருஷம் லிஃப்ட் ஓட்டினாள்.

கோவில்பட்டிக்காரி. சேலைப் பிரிவில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. டாக்டர் உட்காரச் சொல்லிவிட்டார். அந்த நாலு மாடிக் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இரண்டுதான்: கல்லா, லிஃப்ட். கல்லா முதலாளி வீட்டுக்காரர்களுக்கு. அவளுக்கோ மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம், படிக்கிற பெண்கள் இரண்டு பேர். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பழைய லிஃப்ட், கம்பிக்கதவு. இடுக்கு வழியாகச் சுவர் நகர்வது தெரியும். அவள் அதைப் பார்க்கவே மாட்டாள். ஆனால் பாதம் எல்லாவற்றையும் கவனித்தது. ஆள் ஏறினால் தரை லேசாக அமுங்கும், மேலே வரும், மறுபடி கொஞ்சமாக அமுங்கும், பிறகு அடங்கும். அப்படி ஆடுகிறவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வாள்.

1995 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் மாடியில் ஐந்து பேர் ஏறினார்கள். தரை அமுங்கியது. மேலே வரவில்லை. இன்னும் ஒரு விரல்கடை இறங்கிப்போய் நின்றது.

சூப்பர்வைசர் சக்திவேலிடம் ஓடினாள். "அண்ணாச்சி, லிஃப்ட் நழுவுது. ஆள் ஏறுனா அமுங்கி மேல வரணும்லா? வரமாட்டேங்கு."

"ஒனக்கு எப்பவும் இதே பயம்தான். தீவாளி முடியட்டும், ஆளை வரச்சொல்லுதேன்."

எதிர்க்கடைப் போனிலிருந்து அவளே ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த மெக்கானிக் வலியுல்லாவைக் கூப்பிட்டாள். "சாயங்காலமா வரேம்மா. அதுவரிக்கும் கும்பலா ஏத்தாதே, இன்னா?" என்றார் அவர்.

ஆறு பேருக்கு மேல் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு மூன்றாம் மாடியில் கூட்டம் நெரிந்தது. சக்திவேலே வந்து நின்றார். "பத்துப் பேர்னு எழுதித்தானே போட்டிருக்கு? ஏத்து." பைகளோடு பன்னிரண்டு பேர் ஏறினார்கள். லிஃப்ட் மேல் இருந்த பயத்தைவிட அண்ணாச்சி மேல் இருந்த பயம் பெரிதாக இருந்தது. கதவைச் சாத்தினாள்.

பொத்தானை அழுத்தவே இல்லை. தரை கீழே போனது.

மூன்றாம் மாடித் தரையின் விளிம்பு அவள் இடுப்புக்கு வந்தது, தலைக்கு வந்தது, மறைந்தது. லிஃப்டை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ கருகுகிற வாசனை. இரண்டாம் மாடியில் வாயைப் பிளந்து நின்றவர்கள் மேலே போனார்கள். யாரோ "முருகா!" என்று அலறினார்கள்.

"கம்பிக்குள்ள கையைக் குடுக்காதீங்க! முழங்காலை மடக்கிக்கிடுங்க!" என்று கத்தினாள். தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

கீழ்த்தளத்து வெளிச்சம் வந்தது. அதையும் தாண்டி இறங்கி, தொம்மென்று மோதியது. உடனே மேலே தூக்கியது. மறுபடி கீழே, மறுபடி மேலே. ஒரு கர்ப்பிணிப் பெண் அவள் தோளில் நகத்தைப் பதித்துக்கொண்டு நடுங்கினாள். அவளுக்காக சுந்தரவல்லி ஒவ்வொரு குதிப்பையும் சத்தமாக எண்ணினாள்: "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஏழில் நின்றது.

லிஃப்ட் பாதி உயரம் கீழ்த்தளத்துக்குக் கீழே புதைந்திருந்தது. வெளியே இருந்தவர்கள் கதவை நெம்பித் திறந்து கை நீட்டினார்கள். ஸ்டூல் மேல் ஏறி இரண்டு பேர் வெளியேறினார்கள். மூன்றாவது ஆளும் போனார். அப்போது பாதத்துக்கு அடியில் தரை கொஞ்சம் உயர்ந்ததை அவள் உணர்ந்தாள். பாதி உடம்பு வெளியே இருக்கும்போது இது மேலே கிளம்பினால்?

"யாரும் வெளிய ஏறாதீங்க! இருக்கவங்க அசையாம நில்லுங்க!"

"பைத்தியமா உனக்கு? புள்ளத்தாச்சிய வெளிய விடு!" என்று படியிறங்கி ஓடிவந்த சக்திவேல் மேலிருந்து கத்தினார்.

"விட மாட்டேன் அண்ணாச்சி!" திறப்புக்கு எதிரே கையை விரித்துக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம். உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள், ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் அழுதுகொண்டே நின்றாள்.

வலியுல்லா வந்ததும் நேரே மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடினார். லிஃப்ட் கயிறு ஓடும் சக்கரத்தைச் சங்கிலி போட்டு இறுக்கிவிட்டுத்தான் ஆட்களை இறக்கச் சொன்னார். ஒரு அம்மாளுக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. கர்ப்பிணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பிரேக் கட்டைல ஆயில் ஒழுகிக்கீதும்மா. உராய்ஞ்சாத்தானே பிடிக்கும்? வழுக்கிக்கினு வந்துருச்சு. லிஃப்டுக்கு அடியில குழியில ரெண்டு ஸ்பிரிங் கீது, அது தாங்கிச்சு. இன்னும் ஆறேழு பேர் எறங்கியிருந்தா, எதிர்ப்பக்கம் தொங்குற எடை இழுத்து லிஃப்ட் மேல போயிருக்கும். ஏறிக்கினு இருந்தவன் ரெண்டு துண்டு."

அவள் கேட்டாள்: "குதிக்கிறது கொறஞ்சுகிட்டே வந்துச்சு பாய். ஆனா நான் எண்ணின வேகம் மாறவே இல்ல. அது எப்படி?"

வலியுல்லா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அந்த நேரத்துல அதையா பாத்தே? ஸ்பிரிங் அப்டித்தாம்மா. பெருசா குதிச்சாலும் சிறுசா குதிச்சாலும் அதுக்கு ஒரே டைம். ரெண்டு பக்கமும் லிஃப்டைப் புடிச்சிக்கினு நிக்கிற கம்பத்துல உரசி உரசித்தான் அடங்குச்சு."

இரண்டு நாள் அவள் கடைக்குப் போகவில்லை. கட்டிலில் படுத்தால் கட்டில் இறங்கியது. மூன்றாம் நாள் போய் முதலாளி முன்னால் நின்றாள். "உக்காருதேன் ஐயா. ஆனா எட்டுப் பேருக்கு மேல ஒருத்தர் ஏறினாலும் நான் எறங்கிருவேன். யார் சொன்னாலும்." முதலாளி சக்திவேலைப் பார்த்தார். பிறகு, "எட்டே இருக்கட்டும்" என்றார்.

அதன்பிறகு மூன்று வருஷம் ஓட்டினாள். கடைப்பையன்கள் 'எட்டு வல்லி' என்று பேர் வைத்தார்கள். பயம் ஒருநாளும் போகவில்லை. பெரிய மகளுக்கு வேலை கிடைத்ததும் கடையை விட்டு நின்றுகொண்டாள்.

மகள் கல்யாணமாகிக் குடிபோனது அடையாறில் ஐந்தாவது மாடி. சுந்தரவல்லி ஒவ்வொரு மாடிக்கும் உட்கார்ந்து, காலைத் தேய்த்துவிட்டு, படியேறித்தான் போவாள்.