கசிவுமானிக்கு வைத்த பொட்டு

ராணிப்பேட்டையில் அந்தக் கம்பெனி கொட்டகை போட்டபோது, தோல் ஊருக்கே விடிவுகாலம் வந்துவிட்டதாக நோட்டீஸ் அடித்தார்கள். இயற்கை எரிவாயுவும் ஹைட்ரஜனும் ஒரே குழாயில் கலந்து வரும். முடி போன்ற மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் அடைத்த உருளைக்குள் அதைச் செலுத்தினால், பொடிசான ஹைட்ரஜன் மட்டும் குழல் சுவரைக் கடந்து தனியே வந்துவிடும். புகையில்லாத எரிபொருள் தயார்!

அதைப் பார்த்துக்கொண்டவள் மேகலா. பாலிடெக்னிக் படித்துவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் தைத்தவள். எங்கள் பக்கம் படிப்புக்கு அவ்வளவு மரியாதை! இங்கே ஒப்பந்த ஆபரேட்டர். திறப்பு விழாவன்று நிரந்தர ஆர்டர் தருவதாக மேனேஜர் கோதண்டபாணி சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மகளைக் காலேஜில் சேர்த்திருந்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் ஒரு குழாய் இணைப்பில் கசிவு. ஹைட்ரஜனுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கூரையடியில் மாட்டிய கசிவுமானிதான் சொல்லவேண்டும். தீப்பிடிக்கும் அளவை நூறு என்று வைத்தால், அது மூன்று காட்டியது.

"இணைப்புல இருக்கிற கேஸ்கெட் வளையத்த மாத்தணும் சார்" என்றாள் மேகலா.

"ஃபங்ஷன் முடியட்டும்மா, பேஜார் பண்ணாத" என்றார் கோதண்டபாணி. உலகத்தையே காப்பாற்றப் போகிறவருக்குக் கேஸ்கெட் மாற்ற எங்கே நேரம்?

மறுநாள் பூஜை. "நீ கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா, நல்ல காரியம்" என்றார். புருஷன் இல்லாதவள் கை பட்டால் ஹைட்ரஜன் கோபித்துக்கொள்ளுமோ என்னவோ! மற்றவர்கள் ஏணி போட்டு ஏறி, கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்கள்.

கசிவுமானியின் எண்ணைக் காட்டும் திரையில் இப்போது பூஜ்யம். "பாத்தியா? சாமி வந்ததும் கசிவு நின்னுபோச்சு!" என்று கோதண்டபாணி பூரித்தார்.

மேகலா அண்ணாந்து பார்த்தாள். கசிவுமானியின் வலைமூடி முழுக்கக் கெட்டிச் சந்தனம். அதற்குள் காற்றே போக வழியில்லை. கீழே தட்டில் கற்பூரம். தலைமை விருந்தாளி தீக்குச்சியை எடுத்துவிட்டார்.

"சார், கொளுத்த வேணாம்!"

"வாய மூடு. ஆர்டர் என் பாக்கெட்டுல கீது, ஞாபகம் வச்சுக்க" என்று பல்லைக் கடித்தார் கோதண்டபாணி.

மேகலா விருந்தாளி கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். புடவைத் தலைப்பால் வலைமூடியை அழுந்தத் துடைத்தாள். பத்து, இருபது, நாற்பது! சங்கு ஊளையிட்டது, ஆலை தானாக நின்றது. தூய எரிசக்தியைப் பற்றி அரைமணி நேரம் பேச வந்த விருந்தாளி, செருப்பைக்கூட எடுக்காமல் ரோட்டுக்கு ஓடினார்.

வாசலில் வைத்துக் கோதண்டபாணி ஆர்டரை நாலாகக் கிழித்தார். "நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிச்சிட்டியே, வெளங்குமா?"

மேகலா சந்தனம் அப்பிய தலைப்பை உதறினாள்.

"எங்க வூட்டுக்காரரு தோல்ஷாப் தொட்டில எறங்கி வெஷவாயுல செத்தாரு சார். அந்தத் தொட்டி மூடிக்கும் பொட்டு வச்சிருந்தாங்க. அத யாரும் அழிக்கல. என்னுதத்தான் அழிச்சாங்க."